தைக்கப்படாத உடைகள்

பாரிஸில் 1912 நவம்பரில் லூசியன் வோகெல் தொடங்கிய ‘கஸெத் து பொன் தோன்’ பத்திரிகையை வெறும் உடை விளம்பரம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். இதழுக்குச் சுமார் பத்து வண்ணப்படங்கள். ஏழு, பெரிய தையல் இல்லங்களின் உடைகள். மற்றவை ஓவியர்களின் சொந்தக் கற்பனை. எந்த ஊசியும் தொடாதவை. நிறத்துக்கொரு தகடு வெட்டி, அதன் வழியே கையால் வண்ணம் தீட்டினார்கள். ‘பொஷ்வார்’ என்று பெயர். புகைப்படம் வந்துவிட்ட காலத்தில் இது வீம்புதான். ஆனால் நிழலும் சதையும் போய், கோடும் நிறமும் மட்டும் நின்றன. உடம்பு உடைக்குச் சாக்காகிவிட்டது.

ழான் லான்வன் மகளுக்குத் தைத்துத் தைத்தே 1908ல் குழந்தை உடைப் பிரிவைத் தொடங்கியவர். அவருடைய உடைகளை பியேர் பிரிஸோ வரைந்த படங்களில் தாயும் குழந்தையும் அருகருகே வருகிறார்கள். நம் அச்சுப்படத்துக் குழந்தைக் கிருஷ்ணனுக்கோ நகை உண்டு, சட்டை இல்லை.

நம் அச்சுப்படம் என்றால் ரவிவர்மா. 1894ல் பம்பாயில் தொடங்கிய அவரது அச்சகம் லட்சுமியை வீடுவீடாக அனுப்பியது. அவள் புடவையும் முதலில் படத்தில்தான் இருந்தது. வியாசர்பாடியை ஒட்டிய பெரம்பூரில் பின்னி ஆலை 1996ல் மூடப்படும்வரை காக்கி நெய்தவர்களின் வீட்டுச் சுவரிலும் அதே சிவப்புப் புடவைதான். பாரிஸ் படம் அடுத்த பருவத்தில் பழசாகிவிடும். லட்சுமிக்குப் பருவமே கிடையாது. நம்முடைய ரசனைத் தேக்கத்துக்கு ரவிவர்மாவைத் திட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை: தெய்வத்துக்கு யார் புதுப் புடவை வரைவது?

1925ல் ‘கஸெத்’ நின்றது. ‘வோக்’ அதை விழுங்கியது. பின்னால் புகைப்படம் அந்த இடத்தைப் பிடித்தது. புகைப்படம் எடுக்க உடையைத் தைத்தாக வேண்டும்.