கண்ணாடித் தொட்டியில் கடல்மீன்

கடல்நீரைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பிப் பவழப்பாறை மீன்களை வளர்த்து மகிழ்வோர் இன்று கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உளர். சிறுமீன்களோடு மனநிறைவு கொள்ளாதார் பெருமீன்களை நாடும்போது, எது எதனோடு கூடி வாழும் என்னும் வினா எழுகின்றது. அவ்வினா எழுவதற்கு முன், நீரைக் கெடாமற் காப்பதே பெரும்பாடாக இருந்தது.

1846ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, டார்க்கி கடற்கரையிலிருந்து கற்பவழங்களை இலண்டனுக்கு எடுத்து வந்தார். அவை மடியாதிருக்க, பணிப்பெண் ஒருத்தி திறந்த பலகணியின் முன் நின்று கடல்நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றினாள். இன்று தொட்டிதோறும் குமிழியிடும் காற்றுக்குழாயின் முன்னோடி அப்பணிப்பெண்ணின் கைகளே எனலாம். 1850இல் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார், நீர்த்தாவரமும் உயிரினமும் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதைப் பொன்மீன் தொட்டியில் காட்டினார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்மனை திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் ‘அக்குவேரியம்’ என்னும் பெயரை உலகெங்கும் பரப்பியது.

ஆயினும் தாவரம் மட்டும் மீனைக் காப்பதில்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் தோன்றுகின்றது. நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்க் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவற்றைத் தனியே பிரித்தறிந்தவர் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி; காலம் 1890ஐ ஒட்டியது. அவர் ஆய்ந்தது மண்ணை. பயன் கொண்டதோ மீன்தொட்டி! பெருந்தீனி தின்னும் பெருமீன் பெருங்கழிவையும் விடும். ஆதலின் அதன் தொட்டிக்கு நுண்ணுயிர்கள் தங்கும் வடிகட்டியும் பெரிதாதல் வேண்டும்.

நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவிற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சக்கார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், உயிர்கள் ஒட்டிய பவழக்கற்களை இட்டு, காற்றை மட்டும் செலுத்தி வளர்க்கும் முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். நுண்ணுயிர்கள் அக்கற்களிலேயே குடியிருந்தன. இம்முறை பவழத்திற்கும் சிறுமீன்கள் சிலவற்றிற்கும் ஏற்றது. பெருமீன்கள் பலவற்றின் கழிவைத் தாங்காது. பவழத்தொட்டி வேறு, பெருமீன் தொட்டி வேறு என்று வளர்ப்போர் பிரித்துக் காண்பதற்கு இது ஒரு காரணம். பெருமீன்களுட் சில பவழத்தையே கொறித்துவிடுவது மற்றொரு காரணம்.

இனி, கூடி வாழ்தலைக் காண்போம். சென்னைக் கடற்கரையில் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909இல் திறக்கப்பட்ட மீன்காட்சியகம் ஆசியாவிலேயே முதலாவது எனப் பெயர் பெற்றது; இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. சிங்கப்பூரில், வான் கிளீஃப் என்னும் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற செல்வத்தைக் கொண்டு 1955இல் மற்றொன்று எழுந்தது. இன்று அதுவும் இல்லை. அத்தகைய காட்சியகங்களில், பகை மீன்களைப் பிரித்து வைக்கத் தொட்டிகள் பலவுண்டு. ஒரே தொட்டி உடைய இல்லத்தாருக்கு அவ்வாய்ப்பு ஏது?

அவர்களுக்குத் துணையாவது ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரென்ஸின் ஆய்வு. பவழப்பாறை மீன்களைத் தொட்டியிலும் கடலிலும் உற்றுநோக்கிய அவர், அவை பிற இனத்தைவிடத் தம் இனத்தையே கடுமையாகத் தாக்குவதைக் கண்டு 1963இல் வெளிவந்த நூலில் விளக்கினார். பளிச்சிடும் வண்ணம் ‘இஃது என் எல்லை’ என்று தன் இனத்தானுக்கு விடுக்கும் எச்சரிக்கை என்பது அவர் கருத்து. எல்லா மீன்களுக்கும் அது பொருந்தாது எனப் பின்வந்தோர் திருத்தினும், வளர்ப்போர்க்கு அதன் பயன் குன்றவில்லை. ஒரே இனத்துப் பேரரசத் தேவதை மீன்கள் இரண்டினை ஒரு தொட்டியில் இடலாகாது. நிறமும் வடிவும் ஒத்த வேற்றினத்தை இடுவதும் ஆபத்தே.

பசி மற்றொரு பகை. களவா மீனும் சிங்கமீனும் தம் வாய்க்குள் அடங்குவதை இரையென்றே கொள்ளும்; அவற்றின்பால் சினமோ வஞ்சமோ இல்லை. எனவே வாயில் அடங்காத அளவுள்ள மீன்களையே அவற்றுடன் சேர்த்தல் வேண்டும். நண்டும் இறாலும் தின்னும் புள்ளி அஞ்சாலை, சற்றுப் பெரிய சிங்கமீனோடு பெரும்பாலும் ஒத்து வாழும். தமிழ்நாட்டு மீனவர் கிளாத்தி என்னும் மீனையோ அவற்றோடு சேர்த்தல் தகாது. மெல்ல நீந்தும் சிங்கமீனின் நீண்ட துடுப்புகளை அது கடித்துக் குதறிவிடும். கிளாத்தியை வைத்தே தீர வேண்டுமாயின் விரைவும் உடல்வலிமையும் உடைய துணைகளைத் தேர்ந்து, அதனை இறுதியாக விடுதல் வேண்டும். முன்வந்த மீன் தொட்டி முழுவதையும் தன் நிலமாக்கிக்கொள்ளும் என்பதால், சாதுவானவற்றை முதலிலும் முரடானவற்றை கடைசியிலும் விடுவதே முறை.

நம் நாட்டில் இதற்குத் தக்க சான்று, மலாய்மொழியில் கெராப்பு திக்குஸ் எனப்படும் களவா. வெண்ணிற உடலில் கரும்புள்ளிகளோடு விரல்நீளக் குஞ்சாக மீன்கடையில் நீந்தும்போது அதன் அழகுக்கு மயங்காதார் அரியர். அதே மீன் வளர்ந்தபின் சீன உணவகத்துத் தொட்டியில், எடைக்கு விலை பேசப்பட்டுக் கிடக்கும். நீளம் 70 சென்டிமீட்டரை எட்டக்கூடும். வாங்குவோர் குஞ்சை மட்டும் பார்த்து வாங்கினால், சில ஆண்டுகளில் தொட்டியின் பிற மீன்கள் குறைந்துகொண்டே வருவதைக் காண்பர்.

பேரரசத் தேவதை மீனின் கதையோ இன்னும் வியப்பானது. நீலத்தில் வெண்வளையங்கள் சுழலும் அதன் குஞ்சையும், மஞ்சட் கோடுகள் ஓடும் பெரிய மீனையும் முற்காலத்து அறிஞர் வெவ்வேறு இனமென்றே எழுதி வைத்தனர். முழுவளர்ச்சியில் அது 40 சென்டிமீட்டர் நீளும். 120 சென்டிமீட்டர் நீளமும், அகலமும் உயரமும் 45 சென்டிமீட்டரும் உடைய தொட்டி 243 லிட்டர் கொள்ளும், பார்வைக்குப் பெரிதுதான். ஆனால் அம்மீன் அங்கே உடலைத் திருப்ப எஞ்சும் இடம் 5 சென்டிமீட்டர்.

பிடிக்கும் முறையும் கருதத்தக்கது. 1960களில் பிலிப்பைன்ஸ் கடலில் சயனைடு தெளித்து மயக்கி மீன்பிடிக்கும் தீய வழக்கம் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவிற்று. மீன் பிழைத்தாலும் ஈரல் கெட்டுச் சில நாளில் மடிதல் உண்டு, பவழமும் அழியும். மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் நஞ்சும் வெடியும் கொண்டு மீன்பிடிப்பதைத் தடுக்கின்றது. கடையில் மீன் வாங்குமுன் அது இரை எடுக்கின்றதா என்று கண்ணெதிரே காட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது. இரை தின்னாத பெருமீனைக் குறைந்த விலைக்குத் தந்தாலும் வாங்கலாகாது.