ஐந்து வண்டி இசை

கோடைக்காலம். அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரம். ஒரு ஹோட்டல் வாசலில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸியில் வந்து இறங்குகிறவர்கள் கையிலெல்லாம் விநோதமான பெட்டிகள். சிலது முக்கோணம், சிலது உருண்டை. ஒரு மனிதர் மட்டும் கதவுக்கு வெளியிலேயே திண்டாடுகிறார். அவர் கொண்டுவந்த முக்கோணம் கிட்டத்தட்ட அவர் உயரம். நேராகத் தள்ளினால் நுழையாது, சாய்த்தால் இடிக்கும். உள்ளேயிருந்து நாலு பேர் ஓடிவந்து கை கொடுக்கிறார்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது கான்ட்ராபாஸ் பாலலைக்கா. ரஷ்ய நாட்டுப்புற வாத்தியமான பாலலைக்காவின் பெரியண்ணன். தரையில் ஒரு மூலையை ஊன்றி வைத்து, தோல் துண்டால் கம்பியைச் சுண்டி வாசிப்பார்கள். உருண்டைப் பெட்டிக்குள் இருப்பது அதன் உறவுக்கார வாத்தியமான டோம்ரா.

கூட்டத்துக்குக் காரணம் ‘பாலலைக்கா அண்ட் டோம்ரா அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா’. வருஷத்துக்கு ஒரு ஊர் என்று மாற்றி மாற்றி மாநாடு போடுவது இந்தச் சங்கத்தின் வழக்கம். பகலில் வகுப்பு, ஒத்திகை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு, தூக்கம் வரும்வரை மூலைக்கு மூலை உட்கார்ந்து வாசிப்பு. கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஆர்க்கெஸ்ட்ராவாகக் கச்சேரி. வருகிறவர்களில் பலருக்கு ரஷ்ய வம்சாவளி கிடையாது. ரஷ்ய மொழியும் தெரியாது. வேறு வேலை பார்த்துக்கொண்டு, லீவு போட்டுவிட்டு, சொந்தக் காசில் வருகிறவர்கள்.

இதிலென்ன ஆச்சரியம் என்கிறீர்களா? சங்கம் ஆரம்பித்த வருஷத்தைப் பாருங்கள். 1978! அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுகுண்டுகளை எண்ணி எண்ணி அடுக்கிக்கொண்டிருந்த காலம். எதிரி நாட்டு வாத்தியத்துக்கு ஊர் ஊராக மாநாடு போடுகிற துணிச்சல் எங்கிருந்து வந்தது?

அதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சமென்றால் முந்நூற்று எழுபது வருஷத்துக்கு மேல்!

அந்தக் காலத்து ரஷ்யாவில் ‘ஸ்கொமரோக்’ என்றொரு கூட்டம் இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பாடுவார்கள், கூத்துக் கட்டுவார்கள், பொம்மலாட்டம் காட்டுவார்கள், கரடியை ஆடவிடுவார்கள். கையில் டோம்ரா. ஜனங்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் பெரிய மனிதர்களையும் பாதிரிகளையும் நையாண்டி செய்கிறவர்களை அதிகாரத்துக்கு எப்போது பிடித்திருக்கிறது? தேவாலயத்தின் பார்வையில் அது சாத்தானின் வேலை.

1648-ல் ஜார் மன்னர் அலெக்ஸி மிகைலோவிச் உத்தரவு போட்டார். அதே வருஷம் ஜூனில்தான் மாஸ்கோவில் ‘உப்புக் கலகம்’ வெடித்து அரண்மனையே ஆடிப்போயிருந்தது. டோம்ரா முதலான வாத்தியங்களைப் பறிமுதல் செய்து, உடைத்து, எரிக்க வேண்டும். திருந்தாதவர்களுக்குத் தடியடி. அதற்கும் மசியாவிட்டால் எல்லைப் பகுதிக்கு நாடு கடத்தல். ஆதம் ஒலியாரியஸ் என்ற ஜெர்மன் பயணி அந்தக் காலகட்டத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். தேவாலயத் தலைவரின் உத்தரவுப்படி ஐந்து வண்டி நிறைய வாத்தியங்களை ஏற்றி, மாஸ்கோ ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய்க் கொளுத்தினார்களாம்.

ஐந்து வண்டி! ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் செதுக்கி, யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் வாசித்துப் பழகியது. காலப்போக்கில் டோம்ரா என்ற பெயரே புழக்கத்திலிருந்து போய்விட்டது. அசல் பழைய டோம்ரா என்று உறுதியாகச் சொல்ல இன்று ஒன்றுகூடக் கிடையாது.

இசை ஒழிந்ததா? அதெப்படி ஒழியும்!

1688 ஜூன் மாதத்து மாஸ்கோ ஆவணம் ஒன்று இருக்கிறது. கிட்டத்தட்ட இன்றைய போலீஸ் ஸ்டேஷன் குறிப்பு மாதிரி. இரண்டு பேர் வண்டியில் போகிறார்கள். வழியில் காவல் வீரர்களைக் கண்டபடி திட்டிக்கொண்டே பாடுகிறார்கள், பாலலைக்கா வாசிக்கிறார்கள். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எழுத்தில் நமக்குத் தெரிந்தவரை ‘பாலலைக்கா’ என்ற சொல் முதன்முதலாக வருவது இந்தக் கைதுக் குறிப்பில்தான். பிறந்ததற்கு அத்தாட்சியே கைதுப் பத்திரம்!

இந்த முக்கோண வடிவத்துக்கு ஒரு காரணம் சொல்வார்கள். டோம்ராவின் உருண்டை வயிற்றைச் செதுக்க நல்ல ஆசாரி வேண்டும். முக்கோணத்துக்கு நாலு பலகை போதும். விவசாயி வீட்டிலேயே தட்டிக் கொட்டிச் செய்துகொள்ளலாம். பறித்துக்கொண்டு போனாலும் பெரிய நஷ்டமில்லை. மறுவாரம் இன்னொன்று!

அப்புறம் சுமார் இருநூறு வருஷம் அது குடியானவன் வாத்தியமாகவே இருந்தது. அதை மேடையேற்றியவர் வஸிலி ஆந்த்ரேயேவ். 1861-ல் பிறந்தவர், வசதியான வீட்டுப் பிள்ளை, வயலின் கற்றவர். 1880-களில் ஒருநாள் தங்கள் பண்ணையில் அந்திப் என்ற வேலையாள் பாலலைக்கா வாசிப்பதைக் கேட்டார். மனசு அங்கேயே நின்றுவிட்டது. தானும் கற்றுக்கொண்டு, பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு வயலின் தயாரிப்பாளரிடம் போய் நல்ல மரத்தில் ஒரு பாலலைக்கா செய்து தரச் சொன்னார். அந்த மனிதருக்குக் கோபமாம். நான் போய் இதைச் செய்வதா என்று! கடைசியில், வெளியில் யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு செய்து கொடுத்தார் என்று கதை.

ஆந்த்ரேயேவ் செய்த வேலையை வியாபாரக் கண்ணோடு பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். அதுவரை ஒவ்வொரு பாலலைக்காவும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு ஸ்வரக்கட்டு. பத்துப் பேர் சேர்ந்து வாசித்தால் பத்துத் திசையில் போகும். அவர் அளவைத் தரப்படுத்தினார். மேற்கத்திய இசை முறைப்படி கட்டைகளைப் பொருத்தினார். சின்னதில் தொடங்கி அந்த ஆளுயர கான்ட்ராபாஸ்வரை ஒரு குடும்பத்தையே உண்டாக்கினார். செய்து கொடுத்த கைகளில் முக்கியமானவை செம்யோன் நலிமோவுடையவை. கோமி பிரதேசத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த தச்சர்.

1888 மார்ச் 20-ல் முதல் கச்சேரி. மேடையில் எட்டே பேர். அடுத்த வருஷமே பாரிஸ் உலகக் கண்காட்சி. 1896-ல் வியாத்கா பகுதியிலிருந்து ஒரு பழைய உருண்டை வாத்தியம் கிடைத்தது. இதுதான் நம் டோம்ரா என்று முடிவுகட்டி, அதை வைத்து டோம்ராவையும் மீட்டெடுத்தார். அது நிஜமாகவே டோம்ராதானா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். 1648-ல் நெருப்புக்குத் தப்பாத பெயர் திரும்பி வந்துவிட்டது.

ஆக, இன்று நாம் ‘பழங்கால ரஷ்ய நாட்டுப்புற ஆர்க்கெஸ்ட்ரா’ என்று கேட்பது நூற்று முப்பது வருஷத்துச் சரக்குதான். பீட்டர்ஸ்பர்க் பட்டறையில் உருவானது. அப்படியானால் போலியா? அந்திப்பின் விரல் போன வழியில்தானே ஆந்த்ரேயேவின் விரலும் போனது? போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. ஒரு ஜார் எரித்த இசைக்கு இன்னொரு ஜார் பட்டமும் கௌரவமும் கொடுத்தார். 1917-ல் புரட்சி வந்தது, ஜார் போனார். ஆந்த்ரேயேவ் உள்நாட்டுப் போர்முனைக்குப் போய்ச் செம்படை வீரர்களுக்கு வாசித்தார். கடுங்குளிர். உடம்பு கெட்டு 1918 டிசம்பரில் காலமானார். அவர் வளர்த்த வாத்தியங்களை சோவியத் அரசு சுவீகரித்துக்கொண்டது. தொழிற்சாலையில் தயாரித்தது, இசைப் பள்ளிகளில் பாடமாக்கியது, குழு குழுவாக வெளிநாடுகளுக்கு அனுப்பியது. முன்பு கைதுப் பத்திரத்தில் இருந்த வாத்தியம், இப்போது அரசாங்க விசிட்டிங் கார்டு!

அமெரிக்காவுக்கு எப்படிப் போயிற்று? ஆந்த்ரேயேவின் குழுவே 1910, 1911-ல் அங்கே சுற்றுப்பயணம் செய்தது. கேட்டவர்களில் சிலர் தாங்களும் குழு சேர்த்தார்கள். புரட்சிக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் இன்னும் கொண்டுவந்தார்கள். சர்ச் ஹால்களிலும் உணவு விடுதிகளிலும் அது உயிர் பிழைத்தது.

1965-ல் ‘டாக்டர் ஷிவாகோ’ படம் வந்தது. மூல நாவல் அப்போது சோவியத் யூனியனில் தடை செய்யப்பட்டது. இசையமைப்பாளர் மொரீஸ் ழாருக்கு பாலலைக்கா கலைஞர்கள் தேவை. லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு ரஷ்ய சர்ச்சில் இருபது பேருக்கு மேல் கிடைத்தார்களாம். ஒருவருக்கும் நோட்டுப் பார்த்து வாசிக்கத் தெரியாது. மனப்பாடம் செய்யவைத்துப் பதிவு செய்ததாக ழார் சொல்லியிருக்கிறார். அந்த ‘லாராவின் மெட்டு’ உலகத்தையே சுற்றியது, இசைக்கு ஆஸ்கரும் கிடைத்தது. ரஷ்யாவில் அந்தப் படம் திரைக்கு வந்தது 1994-ல்தான்.

இந்தப் பின்னணியில்தான் 1978-ல் சங்கம் பிறந்தது. அடுத்த வருஷமே ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்ஸை அமெரிக்கா புறக்கணித்தது. அந்த நாட்களில் பாலலைக்காப் பெட்டியோடு போனவர்களைப் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசியுங்கள்! 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. கதவு திறந்தது. பெரிய வித்வான்களை அங்கிருந்தே வரவழைத்துப் பாடம் கேட்பது சுலபமாயிற்று.

அப்புறம் 2022 பிப்ரவரி 24. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. ம்யூனிக் பில்ஹார்மானிக் தன் ரஷ்ய நடத்துநர் கெர்கியேவை நீக்கியது. பிரிட்டனில் கார்டிஃப் நகர ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று சாய்க்கோவ்ஸ்கியின் ‘1812’ படைப்பைக் கச்சேரியிலிருந்து எடுத்துவிட்டது. சாய்க்கோவ்ஸ்கி இறந்து நூற்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது என்பது வேறு விஷயம்.

பாலலைக்காக்காரர் என்ன செய்வார்? ‘இசைக்கு எல்லை கிடையாது’ என்று மேடையில் சொல்வது சுலபம். ஆனால், இந்த வாத்தியத்தை அரசாங்கம் தன் முகமாக வைத்துக்கொண்டது உண்மை. குண்டு விழுந்த ஊரிலிருந்து வந்த ஒருவருக்கு அந்த முக்கோணத்தைப் பார்க்கவே கசந்தால், அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

அதே சமயம் இன்னொரு உண்மையும் உண்டு. நான்கு கம்பி டோம்ரா என்று ஒரு வகை. 1908 வாக்கில் மாஸ்கோவில் உருவாக்கினார்கள். வேரூன்றியது உக்ரைனில்! ரஷ்யாவில் பெரும்பாலும் மூன்று கம்பி, உக்ரைனில் நான்கு கம்பி. நாட்டுப்புற வாத்தியங்களை உயர் கல்வியாகச் சொல்லித்தரும் துறையை 1930-களிலேயே தொடங்கியது கீவ் கன்சர்வேட்டரி. பல தலைமுறை வித்வான்கள் உருவான இடம் அது. அப்படியிருக்க, டோம்ரா யாருடையது? மாஸ்கோவுடையதா, கீவுடையதா? பட்டா போட்டுக் கொடுக்க முடியாத சொத்து இது.

சரி, மறுபடி அந்த ஹோட்டலுக்கு வாருங்கள். மாநாட்டுக் கடைசி நாள். மேடையில் கூட்டம் நெரிகிறது. நாற்பது வருஷமாக வாசிப்பவரும், நேற்றுவரை வகுப்பில் தடுமாறியவரும் பக்கத்துப் பக்கத்தில். இவர்கள் யாரையும் எந்த அரசாங்கமும் அனுப்பவில்லை. மூன்று கம்பியில் ஆசைப்பட்டு வந்தவர்கள்.

கச்சேரி முடிந்தது. கம்பிகளைத் துடைத்து, பெட்டிகளைச் சாத்துகிறார்கள். அந்தப் பெரிய முக்கோணத்தை மறுபடி நாலு பேர் சேர்ந்து கதவு வழியாகச் சாய்த்து வெளியே எடுக்கிறார்கள். அடுத்த வருஷம் எந்த ஊர் என்று அதற்குள் ஒருவர் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.