அரசுக்கு முன் பிறந்த பதக்கம்

ஒரு மொழியின் வளத்தை அம்மொழியில் தோன்றும் நூல்கள் காட்டும். அம்மொழி பேசும் மக்களின் பண்பை அந்நூல்களை அவர்கள் போற்றும் முறை காட்டும். இதற்கு நல்லதொரு சான்று குஜராத்தி மொழியில் உண்டு. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழும் நம்முள் பலர், குஜராத்தியரைத் துணி வணிகராகவே அறிந்திருக்கிறோம். அவர்கள் தம் எழுத்தாளரைப் போற்றிய வரலாற்றையும் அறிதல் நமக்குப் பயன் தரும்.

ரஞ்சித்ராம் வாவாபாய் மேத்தா (1881–1917) என்னும் பெருமகனார், 1904இல் குஜராத் சாகித்திய சபையும் 1905இல் குஜராத்தி சாகித்திய பரிஷத்தும் தோன்றக் காரணராய் இருந்தவர். நாற்பது அகவையை எட்டுமுன்னரே அவர் மறைந்தார். அவர் நினைவாகச் சபையினர் ஒரு பொற்பதக்கத்தை நிறுவினர். அதனை 1928இல் முதன்முதலாகப் பெற்றவர் ஜவேர்சந்த் மேகாணி. சௌராஷ்டிரத்துச் சிற்றூர்களில் வழங்கிவந்த வாய்மொழிக் கதைகளையும் பாடல்களையும் தேடித் தொகுத்தவர் அவர். எழுத்தறியா மக்களின் நாவிலிருந்த செல்வத்தை ஏட்டில் ஏற்றியவருக்கே முதற்பதக்கம் சென்றது என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஈண்டு ஓர் உண்மையை உற்றுநோக்க வேண்டும். அன்று இந்தியா அயலார் ஆட்சியில் இருந்தது. குஜராத் என்னும் தனி மாநிலம் 1960 மே முதல் நாளில்தான் உருவாயிற்று. மாநிலம் பிறப்பதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே பதக்கம் பிறந்துவிட்டது! அரசு வரட்டும், ஆதரவு தரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

பின்னர் 1954இல் சாகித்திய அகாதெமி தொடங்கப்பெற்று, 1955 முதல் இந்திய மொழிகளின் சிறந்த நூல்களுக்குப் பரிசளிக்கலாயிற்று. முதலாண்டில் தமிழுக்குரிய பரிசு ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்ப'த்திற்குக் கிடைத்தது. குஜராத்திக்குரிய பரிசோ, காந்தியடிகளின் செயலாளராயிருந்து 1942இல் மறைந்த மகாதேவ தேசாயின் நாட்குறிப்பு நூலுக்குச் சென்றது.

குஜராத்திப் பரிசுகளின் வரலாறு நமக்கு மூன்று செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, தக்க நூல் இல்லையெனில் பரிசை நிறுத்திவைக்கும் துணிவு. 1957, 1959 ஆகிய ஆண்டுகளில் குஜராத்திக்கு அகாதெமிப் பரிசு இல்லை. அவ்விரண்டு ஆண்டுகளிலும் தமிழுக்கும் இல்லை. இரண்டாவது, பிறப்பை நோக்காது பணியை நோக்கும் பெருந்தன்மை. 1965இல் பரிசு பெற்ற காகா காலேல்கரின் தாய்மொழி மராத்தி. 1978இல் ரஞ்சித்ராம் பதக்கம் பெற்ற பாதிரியார் வாலெஸ் ஸ்பெயின் நாட்டில் பிறந்து, அகமதாபாத்தில் கணிதம் கற்பித்தவர். மூன்றாவது, பரிசினும் பெரியது எழுத்து என்னும் உறுதி. 1969இல் சுவாமி ஆனந்தும், 1983இல் சுரேஷ் ஜோஷியும் தமக்கு அறிவிக்கப்பெற்ற அகாதெமிப் பரிசை ஏற்க மறுத்தனர்.

இனி நம் நிலையை நோக்குவோம். அகாதெமிப் பரிசு இந்தியக் குடிமக்களுக்கே உரியது. நம் நாட்டில் 1981இல் கெரிஸ் மாசுக்கு முதன்முதலாக வழங்கப்பெற்ற தேசிய இலக்கியவாணர் விருதோ தேசிய மொழியாகிய மலாயில் எழுதுவோர்க்குரியது. ஆகவே மலேசியத் தமிழ் நூல் ஒன்று எத்துணைச் சிறப்புடையதாயினும், இவ்விரு வாயில்களுக்கும் வெளியே நிற்கிறது. இதைக் கூறிக் கண்ணீர் விடுவதால் பயனில்லை. குஜராத்தியர் 1928இல் செய்ததை நாமும் செய்யாமலில்லை. 1924இல் தோன்றி 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழ், எழுபதுகளில் சிறந்த சிறுகதைகளுக்குப் பவுன் பரிசளித்து எழுத்தாளரை ஊக்கியது. பின்னர் டான்ஸ்ரீ கே. ஆர். சோமா மொழி இலக்கிய அறவாரியம் தமிழ் நூல்களுக்குப் பரிசளிக்க முன்வந்தது. கொடுக்கும் கை நம்மிடம் உண்டு. பெற்ற நூலைப் படிக்கும் கண் உண்டா என்பதே என் வினா.

இதனை வினவும் தகுதி எனக்கும் குறைவே. பள்ளிப் பரிசளிப்பு விழாவிற்காகப் பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடைகளுக்குச் சென்று நூல்களை வாங்கிவருவது பல ஆண்டுகளாக என் வழக்கம். ஓராண்டு, பரிசு பெற்ற ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, நம்ம நாட்டில் யாரும் கதைப் புத்தகம் எழுதுவதில்லையா?" என்று கேட்டாள். நான் வாங்கிய நாற்பது நூல்களும் சென்னையில் அச்சானவை. அட்டையின் அழகையும் விலையையும் பார்த்தேனேயன்றி, எழுதியவர் எந்நாட்டவர் என்று ஒருமுறையும் பார்த்ததில்லை. அன்று நான் மறுமொழி கூற இயலாது நின்றேன்.

மறுவிழாவிற்குப் பாதி நூல்களை உள்நாட்டு எழுத்தாளரிடமே நேரில் பெற்றேன். சிலவற்றின் தாள் மங்கலாயிருந்தது, தைப்பும் தளர்ந்திருந்தது. ஆனால், ரப்பர்த் தோட்டமும் லயன் வீடுகளும் வரும் கதையைப் படித்த மாணவர்கள், "எங்கள் பாட்டி சொன்ன கதை போல இருக்கிறது" என்று வியந்தனர். மேகாணி தேடிய செல்வம் நம் பாட்டிமாரிடமும் உண்டு என்பதை அவர்களே எனக்கு உணர்த்தினர்.

நம் நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் பரிசு பெற்ற உள்நாட்டு நூலொன்றில் ஐந்து படிகளை வாங்கினாலே இரண்டாயிரத்து ஐந்நூறு படிகள் மாணவர் கைசேரும். மேடையில் எழுத்தாளருக்குப் போர்த்தும் பொன்னாடை ஒரு மாலைப்பொழுதோடு மடிந்துவிடும். மாணவன் கையிற் சேர்ந்த நூலோ ஒரு தலைமுறை வாழும். குஜராத்தியர் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. நாமும் காத்திருக்க வேண்டுவதில்லை.