ஜெர்மானியச் சட்டசபை தன் உரிமையை இழந்த வரலாறு

சங்கக் கூட்டங்களிற் கோரம் நிறையாமல் நாம் கலைந்து வீடு திரும்பியதுண்டு. அப்போது அன்பர் சிலர் அவ்விதியை வீண் தொல்லையென்று முணுமுணுப்பர். அத்தொல்லை எத்தகைய காவல் என்பதை ஜெர்மானிய தேசத்து வரலாற்றிற் காண்கின்றோம்.

1919-ம் ஆண்டில் அந்நாட்டார் வகுத்த அரசியல் திட்டம் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமையை உறுதிசெய்தது. ஆயினும் அதன் 48-வது ஷரத்து, ஆபத்துக் காலத்திற் குடியரசுத் தலைவர் தாமே அவசரச் சட்டம் பிறப்பிக்க இடந்தந்தது. அதனை ரத்துசெய்யும் உரிமை சட்டசபைக்கு உண்டு. 1930 ஜூலையிற் சபை அவ்வுரிமையைச் செலுத்தவே, பிரதம மந்திரி புரூனிங் தலைவரைக்கொண்டு சபையையே கலைப்பித்தார். வேலையின்மை நாட்டை வாட்டிய காலம் அது. கட்சிகளோ தம்முள் இணங்கவில்லை. 1930-ல் சபை இயற்றிய சட்டங்கள் 98, 1932-ல் ஐந்தே. ஹிட்லர் பதவியேறுமுன்னரே சபை வாளாவிருக்கப் பழகிவிட்டது. பழி முழுவதையும் ஒருவன் தலையிற் சுமத்துதல் எளிது. நாம் அங்ஙனம் செய்யோம்.

1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் பிரதம மந்திரியானார். பிப்ரவரி 27 இரவு சட்டசபை மாளிகை தீப்பற்றி எரிந்தது. மறுநாளே பேச்சுரிமையும் கூட்டவுரிமையும் நிறுத்தப்பட்டன. மார்ச்சு 5-ல் நடந்த தேர்தலில், அத்தனை அச்சுறுத்தலிலும், அவர் கட்சி 647 இடங்களில் 288-ஏ பெற்றது.

பின்னர், அரசியல் திட்டத்துக்கு மாறாகவும் மந்திரிசபையே சட்டம் இயற்றலாம் என்றொரு மசோதா கொணர்ந்தனர். இதற்கு அங்கத்தினருள் மூன்றிலிரு பங்கினர், அதாவது 432 பேர், வந்திருத்தல் வேண்டும். வந்தவருள் மூன்றிலிரு பங்கினர் ஆதரித்தலும் வேண்டும். பொதுவுடைமைக் கட்சியார் 81 பேர் வரவொட்டாது தடுக்கப்பட்டனர். சமூக ஜனநாயகக் கட்சியார் 120 பேரும் வாராதிருப்பின் எஞ்சுவோர் 446. மேலும் 15 பேர் வாராவிடின் மசோதா விழும். ஆகவே மார்ச்சு 23-ம் நாள் குரோல் நாடகசாலையிற் கூடிய சபை முதலில் நடவடிக்கை விதியைத் திருத்திற்று. தக்க காரணமின்றி வாராதவர் வந்தவராகவே கணக்கிடப்படுவர்! காரணம் தக்கதா என்று தீர்ப்பவரோ அக்கிராசனர் கோரிங். நம் ஊர்ப் பஞ்சாயத்துக்களில் இத்தகைய கணக்கை எவரேனும் காட்டியிருப்பின், திண்ணையிலிருக்கும் சிறுவரும் நகைத்திருப்பர்.

மண்டபத்துள்ளே சீருடைப் படையினர் நின்றனர். கத்தோலிக்க நடுக்கட்சியார், எழுத்து மூலமான உறுதிமொழி வருமென்று நம்பி வாக்களித்தனர், அக்கடிதம் வரவேயில்லை. சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஒட்டோ வெல்ஸ் ஒருவரே எழுந்து மறுத்துப் பேசினார். ஆதரித்தோர் 444; எதிர்த்தோர் 94, எல்லாரும் அவர் கட்சியினரே.

ஜூலை 14-ல் ஹிட்லரின் கட்சியொழிந்த கட்சிகள் யாவும் தடுக்கப்பட்டன. குடியுரிமை பறிக்கப்பட்ட வெல்ஸ் 1939-ல் பாரிஸ் நகரிற் காலமானார். 1919-ம் ஆண்டுத் திட்டத்தை ஹிட்லர் ஆட்சி முறைப்படி ரத்துசெய்யவேயில்லை. சபையும் 1942 ஏப்ரல் 26 வரை இடையிடையே கூடிற்று. தலைவர் பேச்சைக் கேட்டு, எழுந்து நின்று ஆமோதித்துக் கலைந்தது.