வெள்ளாங்குளத்திலிருந்து தலைமன்னார் வரை: மூட்டை முடிச்சு இல்லாமல் ஒரு பயணம்

இத்தாலியின் பலெர்மோவில் இருக்கும் என் சின்னம்மாவின் மகள் கடந்த மாதம் வட்ஸ்அப்பில் ஐம்பது படங்கள் வரை அனுப்பியிருந்தாள். ரோம், வெனிஸ் என்று எல்லோரும் போகும் இடங்கள் அல்ல. செஃபலு என்ற சிறிய கடற்கரை நகரம், திராப்பனியின் உப்பளங்கள், பெயர் தெரியாத இரண்டு மூன்று மீனவக் கிராமங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் சுற்றியிருக்கிறாள். கடைசியில் ஒரு குரல் பதிவு: "அக்கா, டிசம்பரில வாறம். பிள்ளை ஊரைப் பாக்கவேணும் எண்டு நிக்கிறாள். நல்லூரும் மடுவும் தெரியும். வேற எங்க கூட்டிக்கொண்டு போறது?"

திராப்பனிப் படங்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உப்புப் பாத்திகள், காற்றாலைகள், தூரத்தில் பூநாரைக் கூட்டம். இந்த மூன்றும் மன்னாரில் இருக்கின்றன. அங்கே அந்த உப்பளப் பகுதி 1995 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கை ஒதுக்கிடம். இங்கே பஸ் ஜன்னலால் பார்த்துவிட்டுப் போகிறோம். அவளுக்குப் பதில் எழுதத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரையாக நீண்டது.

வெள்ளாங்குளம் மன்னார் மாவட்டத்தின் வட எல்லையில், ஏ32 வீதியில் இருக்கிறது. மாங்குளத்திலிருந்து துணுக்காய் வழியாக வரும் வீதி இங்கே வந்து சேர்கிறது. வடக்கே கொஞ்சத் தூரம் போனால் முழங்காவில், அது கிளிநொச்சி மாவட்டம். தெற்கே போனால் பாலியாறு, இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு. பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஊரில் யாரும் உடனே பதில் சொல்லமாட்டார்கள். வயல், குளம், பனை, மேற்கே தேவன்பிட்டிக் கடல். அவ்வளவுதான்.

அந்தத் தேவன்பிட்டிக் கரைக்கு ஒரு பின்னேரம் தனியாகப் போனேன். வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "ஆரைத் தேடுறீங்கள் பிள்ளை?" என்றார். ஒருவரையும் தேடவில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. தோளில் பையோடு இந்தக் கரைக்கு வருகிறவர் என்றால் தொண்டு நிறுவனத்துக்காரர், ஊடகக்காரர், அல்லது புலனாய்வுக்காரர். சும்மா வருகிற ஆளை இந்தக் கரை அதிகம் கண்டதில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. 2008 ஜூலை 16 இல் விடத்தல்தீவும் ஓகஸ்ட் 2 இல் வெள்ளாங்குளமும் இராணுவத்தின் கைக்குப் போயின. அதற்கு முன்பே தெற்கிலிருந்து வந்த சனம் எங்கள் வீட்டு முற்றத்து மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டியிருந்தது. பிறகு நாங்களும் அவர்களோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினோம். எனக்கு அப்போது 18 வயது. முழங்காவில், அக்கராயன், கிளிநொச்சி என்று போய்ப் போய், ஓட்டம் முடிந்ததும் ஒரு கடற்கரையில்தான். என் அம்மா இன்றைக்கும் கடற்கரை மணலில் இருக்கமாட்டார். வாகனத்துக்குள் இருந்தபடி "நீங்கள் போட்டு வாங்கோ" என்பார். எங்கள் வீடுகளில் கடற்கரைக்குப் போவோமா என்ற கேள்வி சுற்றுலாக் கேள்வி மட்டுமல்ல.

சரி, வழிக்கு வருவோம். ஏ32 இப்போது நல்ல வீதி. 2010 இல் மன்னார்ப் புதிய பாலமும் 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலமும் திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு இதுவே குறுக்கு வழி. பெரும்பாலானோர் இதில் நிற்காமல் போய்விடுகிறார்கள். நான் சொல்வது, நின்று போங்கள்.

வடக்குப் பக்கம் போக ஒரு நாள் இருந்தால் முழங்காவிலுக்கு அருகே இரணைமாதாநகர். இரணைதீவு மக்கள் 1992 இல் இடம்பெயர்ந்து குடியிருந்த ஊர் இது. 2017 மே மாதத்தில் போராட்டம் தொடங்கி, ஓராண்டு போல இருந்தும் பதில் கிடைக்காதபோது, 2018 ஏப்ரல் 23 அன்று படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தங்கள் தீவுக்குத் தாங்களே போய் இறங்கினார்கள். தீவுக்குப் போக விரும்பினால் ஊர் மக்களிடம் முதலில் கேளுங்கள். அது அவர்களின் வீடு. விடுதியும் கடையும் எதிர்பார்க்க வேண்டாம்.

தெற்கே விடத்தல்தீவு. கண்டல் காடு, கடற்புல், சேற்றுக் கரை. 2016 இல் 29,180 ஹெக்டேயர் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. 2024 இல் அதிலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வேளாண்மைக்காக நீக்கி வர்த்தமானி வந்தது, சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. இறால் குஞ்சு வளர்வது கண்டல் வேருக்குள்தான் என்பதை இங்குள்ள சிறுபிள்ளையும் சொல்லும். அந்தக் காட்டைக் குறைத்து இறால் வளர்ப்பது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்து, நான் அதிக நேரம் நிற்கச் சொல்லும் இடம் மாந்தை. எல்லோரும் திருக்கேதீச்சரம் போவார்கள், பாலாவியில் கால் நனைப்பார்கள், திரும்புவார்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், போர்த்துக்கேயர் இடித்த கோயில், 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்தது என்பதெல்லாம் தெரிந்த கதை. ஆனால் கோயிலைச் சுற்றியுள்ள மேட்டு நிலம் முழுவதும் ஒரு பழைய துறைமுக நகரம். 1980 களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழ்வு நடந்தது. சீனப் பீங்கானும் மேற்காசிய மெருகு மட்பாண்டமும் வந்தன. 1984 ஆம் ஆண்டோடு போர் அந்த வேலையை நிறுத்தியது. பிறகு நடந்த ஆய்வில் அந்த மண்ணிலிருந்து ஆயிரம் ஆண்டு பழைமையான ஒரு கிராம்பும் கிடைத்தது. அந்தக் காலத்தில் கிராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடல் கடந்து இந்தக் கரையில் இறங்கிய ஒரு கிராம்பு. பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை என்னிடம் இல்லை.

அங்கிருந்து தாம்போதியால் தீவுக்குள். இடமும் வலமும் ஆழமில்லாத நீர். தெற்குப் பக்கம் வங்காலைச் சரணாலயம், 2010 முதல் ராம்சார் ஈரநிலம். கார்த்திகை கழிந்து பங்குனி வரை பூநாரைகள் நிற்கும். காலை ஆறரை மணிக்கு வாருங்கள். பத்து மணிக்குப் பிறகு கானல்தான் தெரியும்.

மன்னார் நகரில் கோட்டை இருக்கிறது. 1560 இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தது. பள்ளிமுனையில் சுற்றளவு 19 மீற்றருக்கு மேற்பட்ட பெருக்கமரம். அரபு வணிகர்கள் கொண்டுவந்த மரம் என்பார்கள். அதன் பட்டையில் பெயர் வெட்டும் நம் இளைஞர்களைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். கழுதைகள் கடை வாசலில் நிற்கும், அவையும் ஊர்வாசிகள்தான்.

நகரத்தின் நுழைவாயிலில் 2018 இல் 300 க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்ட சதொச வளாகம் இருக்கிறது. அமெரிக்க ஆய்வுகூடத்தின் காபன் பரிசோதனை 1477 முதல் 1642 வரையான காலம் என்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பலர் அதை ஏற்கவில்லை. எந்த வழிகாட்டி நூலிலும் இந்த இடம் வராது. எருக்கலம்பிட்டி வழியாகப் போகும்போதும் அப்படித்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் அங்கிருந்த முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். நாங்கள் 2008 இல் ஏறிய உழவு இயந்திரத்தைப் பற்றி எழுதும் கை அதையும் எழுத வேண்டும்.

தீவில் இரண்டு கடல். வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்றில் தெற்குக் கரை கொந்தளிக்கும், வடக்குக் கரை அமைதியாக இருக்கும். மாரியில் இது மாறும். ஆழமில்லாத நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து நடக்கச் சொன்னார் பேசாலையில் ஒரு சம்மாட்டி. திருக்கை படுத்திருந்தால் விலகிப் போய்விடுமாம்.

தெற்குக் கரை நெடுகத் தம்பபவனி காற்றாலைகள், 30 கோபுரங்கள், 2020 டிசம்பரில் திறந்தது. தூரத்திலிருந்து அழகுதான். ஆனால் மழைவெள்ளம் வடிவதில்லை, மீன் கரைக்கு வருவது குறைந்துவிட்டது என்று அயலூரவர்கள் சொல்கிறார்கள். மேலும் கோபுரங்கள் வருவதையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். படம் எடுக்க முன் பக்கத்து வாடியில் இருப்பவரோடு பத்து நிமிடம் கதையுங்கள்.

தலைமன்னாரில் பழைய இறங்குதுறையும் வெளிச்சவீடும். 1914 இல் தொடங்கிய கப்பல் சேவை இங்கிருந்துதான் தனுஷ்கோடிக்குப் போனது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்துக்குப் போய், 1980 களில் போரோடு நின்றது. ரயில் 2015 மார்ச்சில் திரும்ப வந்தது, கப்பல் வரவில்லை. அக்கரைக்குச் சுமார் 30 கிலோமீற்றர்தான். இடையில் உள்ள மணல் திட்டிகளில் அகதிகளை இறக்கிவிட்டுப் படகுகள் திரும்பிய கதை எங்கள் வீடுகளில் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். திட்டிகளுக்குத் தாமாகப் படகு பிடித்துப் போக நினைக்க வேண்டாம். அது கடற்படை கண்காணிக்கும் எல்லை.

இன்னொரு நாள் கிடைத்தால் தெற்கே அரிப்பு. ஊரார் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் இடிபாடு, உண்மையில் முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த்துக்காக 19 ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. கடலரிப்பில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இருக்கும்போதே பாருங்கள். அதற்கும் தெற்கே முள்ளிக்குளம். 2007 இல் வெளியேற்றப்பட்ட மக்களின் காணியில் கடற்படை முகாம். 2017 இல் ஒரு பகுதியை விடுவிப்பதாக அறிவித்தார்கள். கமெராவைப் பைக்குள் வையுங்கள்.

தங்குவதற்கு மன்னார் நகரமே வசதி. வெள்ளாங்குளத்தில் தெரிந்தவர் வீடு இருந்தால்தான். குடிதண்ணீர் கொண்டு போங்கள், பல கிணறுகள் உவர். பற்றைக் காட்டுக்குள் சிவப்பு அறிவித்தல் பலகை கண்டால் ஒரு அடியும் எடுத்து வைக்க வேண்டாம், பாதையை விட்டும் விலக வேண்டாம்.

இதையெல்லாம் சின்னம்மாவின் மகளுக்கு அனுப்பினேன். இரவே பதில் வந்தது. டிசம்பரில் எந்தக் கரையில் பிள்ளையைக் குளிக்க விடலாம் என்று கேட்டிருந்தாள். தெற்குக் கரை என்று எழுதினேன். பெரியம்மாவும் வருவாவா என்று அடுத்த கேள்வி. அம்மாவிடம் கேட்டேன். "வாகனத்துக்க இருக்கிறன், பிள்ளை விளையாடுறதப் பாக்கலாம்தானே" என்றார்.