மரப்பட்டையில் தொடங்கிய மருத்துவம்

நாம் இளங்குருவாகப் பணி தொடங்கிய பங்கு இல்லத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே சிறுசிறு கண்ணாடிக் குப்பிகள். குப்பிகளுள் கடுகினும் சற்றுப் பெரிய வெண்ணிறச் சர்க்கரை உருண்டைகள். முன்பிருந்த பங்குத்தந்தை விட்டுச் சென்ற பெட்டி அது. மாலைச் செபம் முடிந்ததும் தாய்மார் பிள்ளைகளுடன் திண்ணையில் காத்திருப்பர். நாமும் ஆசீரோடு நான்கு உருண்டைகளைச் சேர்த்து அளிப்போம். அவற்றின் வரலாறு யாது என்று அந்நாளில் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்த நிகழ்ச்சியைப் பின்னர்ச் சொல்வோம்.

ஓமியோபதியின் தந்தை சாமுவேல் ஹானிமன், 1755ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள மைசன் நகரில் பிறந்தார். தந்தை பீங்கான் கலங்களில் ஓவியம் தீட்டுபவர். மகனோ பன்மொழி கற்று, 1779இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும் கற்ற தொழில் அவருக்குக் கசந்தது. அக்கால மருத்துவம் அத்தகையது: எந்நோய்க்கும் நரம்பைக் கீறிக் குருதி வடிப்பர், அட்டை விடுவர், பாதரச மருந்தூட்டிப் பேதியாக்குவர். 1792இல் பேரரசர் இரண்டாம் லியோபோல்டு நோயுற்றபோது, மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் குருதி வடித்தனர், அவர் இறந்தார். அம்மருத்துவர்களைச் செய்தித்தாளில் வெளிப்படையாகக் கண்டித்து எழுதியவர் ஹானிமன். அரசனுக்கே இக்கதியெனில் ஏழையின் நிலை என்ன!

நோயாளிக்குத் தீங்கிழைக்க மனமின்றி அவர் மருத்துவம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, நூல்களை மொழிபெயர்த்துக் குடும்பத்தைக் காத்தார். 1790இல் எடின்பரோ பேராசிரியர் வில்லியம் கல்லனின் மருந்தியல் நூலை மொழிபெயர்க்கையில் ஓரிடத்தில் அவரது எழுதுகோல் நின்றது. சிங்கோனா மரப்பட்டை முறைக்காய்ச்சலைத் தணிப்பது அதன் துவர்ப்பினால் என்றிருந்தார் கல்லன். அதனினும் துவர்ப்பான பொருள்கள் காய்ச்சலைத் தணிப்பதில்லையே என்று ஹானிமன் ஐயுற்றார். நலமாயிருந்த தாமே சில நாள் அப்பட்டைத் தூளை உண்டார். விரல்கள் குளிர்ந்தன, நெஞ்சு படபடத்தது, நடுக்கமும் தாகமும் வந்தன. உண்பதை நிறுத்தியதும் யாவும் நின்றன.

இப்பட்டைக்கும் நம் திருச்சபைக்கும் பழைய உறவுண்டு. தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் அதனை ஐரோப்பாவுக்குக் கொணர்ந்து பரப்பியவர்களுள் இயேசு சபையார் முதன்மையானோர். அச்சபையைச் சேர்ந்த கர்தினால் யுவான் தெ லூகோ உரோமையின் ஏழைகளுக்கு அதனை வழங்கச் செய்தார். 'இயேசு சபையார் தூள்' என்று பெயர் பெற்றதாலேயே இங்கிலாந்தின் புரோட்டஸ்டண்டார் பலர் அதனை ஐயுற்றனர். மருந்திலும் மதம் பார்த்த காலம். நமது நீலகிரியில் 1860களில் ஆங்கிலேயர் வளர்த்ததும் இதே மரந்தான்.

நோயைத் தீர்க்கும் பொருள், நலமுள்ளவனிடம் அந்நோய் போன்ற குறிகளை எழுப்பும் என்று ஹானிமன் முடிவு செய்தார். 'ஒத்ததை ஒத்தது குணமாக்கும்' என்ற கொள்கை 1796இல் கட்டுரையாகவும், 1810இல் 'ஆர்கனான்' என்னும் நூலாகவும் விரிந்தது. மருந்தை நலமுள்ளோரிடம் முதலில் சோதித்தல், ஒரு வேளைக்கு ஒரே மருந்து, மிகச்சிறு அளவு ஆகியவை இதன் பிற தூண்கள். ஒரு துளியை 99 துளிச் சாராயத்தில் கலந்து குலுக்குவர். அதிலொரு துளியை மீண்டும் அவ்வாறே கலப்பர். இப்படி 30 முறை செய்தால், ஒன்றுக்குப் பின் 60 சுழியங்கள் இட்ட எண்ணில் ஒரு பங்கே மருந்து. ஏறத்தாழ 12ஆம் படியிலேயே மூலப்பொருளின் கடைசி மூலக்கூறும் இல்லாதொழியும் என்கிறது வேதியியல். அக்கணக்குக்கு அடியிட்ட அவகாத்ரோவின் கருதுகோள், ஆர்கனான் வெளிவந்த மறு ஆண்டே, 1811இல், அச்சேறியது என்பது வரலாற்றின் குறும்பு. ஹானிமனோ குலுக்குவதால் மருந்தின் ஆற்றல் விழிப்புறுகிறது என்றே நம்பினார். அவர் 1843இல் பாரிசில் மறைந்தார்.

அவரது முதற்சோதனையே பிழையாகப் பொருள் கொள்ளப்பட்டது என்று நாம் எண்ணுகிறோம். பட்டை நலமுள்ளோர்க்கு மலேரியா போன்ற காய்ச்சலை வருவிப்பதில்லை; அவருக்கு அது ஒவ்வாமையாயிருக்கலாம். ஆயினும் 1854இல் இலண்டனில் காலரா பரவியபோது, ஓமியோபதி மருத்துவமனையில் இறந்தோர் மற்ற மருத்துவமனைகளில் இறந்தோரைவிட மிகக் குறைவு. மந்திரமன்று, அங்கே நோயாளியின் குருதியை வடிக்கவில்லை. துன்புறுத்தாமல் விட்டதே பேருதவியாயிற்று. நோயாளியின் உறக்கம், உணவு, அச்சம், கனவு எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்கும் வழக்கமும் இம்மருத்துவத்தின் கொடையே. ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து பழகிய நமக்கு, கேட்கப்படுதல் எத்தகைய ஆறுதல் என்பது தெரியும்.

குருக்களின் கைக்கு இம்மருத்துவம் வந்த வரலாற்றில், ஜெர்மனியிலிருந்து மங்களூர் வந்த இயேசு சபைத் துறவி அகுஸ்டஸ் முல்லரை மறத்தலாகாது. 1880இல் கங்கநாடியில் ஏழைகளுக்கு ஓமியோபதி மருந்து வழங்கத் தொடங்கிய அவர், தொழுநோயாளருக்கும் இல்லம் அமைத்தார். அவர் வித்திட்ட பணி இன்று அலோபதி மருத்துவக் கல்லூரியும் ஓமியோபதிக் கல்லூரியும் அருகருகே இயங்கும் பெருநிறுவனமாய் வளர்ந்துள்ளது. நம் அரசும் ஓமியோபதியை ஏற்று, 2020இல் அதற்கெனத் தனி ஆணையச் சட்டம் இயற்றியது. மாறாக, ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வு மன்றம், ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்து, எந்நோய்க்கும் இதனால் பயனுண்டு என நம்பத்தக்க சான்றில்லை என 2015இல் அறிவித்தது.

இனி அந்நிகழ்ச்சி. கடலோரச் சிற்றூரிலிருந்து காய்ச்சலோடு தூக்கி வரப்பட்ட ஆறு வயதுச் சிறுமிக்கு நாம் உருண்டைகள் தந்தோம். மறுநாளும் தந்தோம். "சாமி கொடுத்தா சரியாயிடும்" என்று தாய் நம்பினாள்; அந்நம்பிக்கை நமக்கு இனிமையாகவும் இருந்தது. மூன்றாம் நாள் பிள்ளை நினைவிழந்தது. பங்கின் ஜீப்பில் அவளைக் கிடத்தி நகர மருத்துவமனைக்கு ஓட்டினோம். இரத்தத்தைச் சோதித்தவர் மூளையைத் தாக்கும் மலேரியா என்றார். இரண்டு நாள் ஏன் தாமதித்தீர்கள் என்று அவர் தாயைக் கேட்டார். தாய் நம் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நாமே சொன்னோம்.

பிள்ளை பிழைத்தாள். அன்றிரவு அவளது நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றப்பட்டது குயினைன். இயேசு சபையார் சுமந்து வந்த அதே பட்டையின் சாரம்.