தாயின் நீரிழிவும் உணவும் சேயின் வளர்சிதை மாற்றமும்

கர்ப்பகாலத்தில் தாயின் இரத்தச் சர்க்கரை மிகுந்தாலும், தாய்க்குப் போதிய உணவு கிடைக்காமற் போனாலும், பிள்ளைக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. மிகுதியும் பற்றாக்குறையும் ஒரே நோயில் கொண்டுவிடும் என்பது மருத்துவ உலகம் எளிதில் ஏற்ற செய்தி அன்று. இரண்டும் நெடுங்காலம் வெவ்வேறு ஆய்வாளர்களால் தனித்தனியே ஆராயப்பட்டன.

மிகுதியைப் பற்றிய பதிவே பழையது. 1824இல் பெர்லினில் ஹைன்ரிச் பென்னெவிட்ஸ் தம் மருத்துவ ஆய்வேட்டில், தணியாத தாகத்தோடு வந்த ஒரு கர்ப்பிணியை விவரித்தார். அப்பெண்ணின் குழந்தை பிரசவத்தில் இறந்தது; அது 12 பவுண்டு எடை இருந்தது. இன்சுலின் வருவதற்கு முன் நீரிழிவுள்ள பெண் கருவுறுவதே அரிது. கருவுற்றாலும் பல நேரங்களில் தாயோ சேயோ இறந்தனர். 1922இல் இன்சுலின் சிகிச்சை தொடங்கியபின் தாய்மார் பிழைத்தார்கள். ஆனால் பெருத்த குழந்தைகளும் குறைப்பிரசவங்களும் சிசு மரணங்களும் தொடர்ந்தன.

குழந்தை ஏன் பெருக்கிறது என்பதற்குக் கோபன்ஹேகனைச் சேர்ந்த யோர்கன் பெடர்சன் 1950களில் விடை சொன்னார். குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குச் செல்லும். தாயின் இன்சுலின் செல்லாது. வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கக் கருவின் கணையம் தானே இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. அந்த இன்சுலின் கருவுக்கு வளர்ச்சி ஊக்கியாகவும் அமைவதால் கொழுப்பு சேர்கிறது. தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுபோக, இன்சுலின் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதால்தான் இக்குழந்தைகளுக்குப் பிறந்த சில மணி நேரத்தில் சர்க்கரை தாழ்கிறது. 1980இல் நார்பர்ட் ஃபிரைங்கல் இக்கருத்தை விரித்து, கருப்பையில் கிடைக்கும் ஊட்டம் பிள்ளையின் உடலை ஆயுள் முழுவதற்கும் வடிவமைக்கிறது என்றார்.

அதற்கு வலுவான சான்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பீமா பழங்குடியினரிடம் கிடைத்தது. 1965 முதல், ஐந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை அங்கே நடந்துவந்தது. கர்ப்பத்தின்போதே நீரிழிவு இருந்த தாய்மாரின் பிள்ளைகளில் 20–24 வயதுக்குள் 45 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்திருந்தது. நீரிழிவே வராத தாய்மாரின் பிள்ளைகளில் 1.4 விழுக்காட்டினருக்கே வந்தது. பரம்பரைதானே காரணம் என்ற கேள்விக்கு 2000இல் டானா டபேலியா குழுவினர் பதில் தந்தனர். ஒரே தாய்க்கு, நோய் வருமுன் ஒரு பிள்ளையும் வந்தபின் ஒரு பிள்ளையும் பிறந்த குடும்பங்களை அவர்கள் ஒப்பிட்டனர். பின்னவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 3.7 மடங்கு இருந்தது. தந்தைக்கு நோய் வருமுன்னும் பின்னும் பிறந்தவர்களிடையே அத்தகைய வேறுபாடு இல்லை. இத்துறையில் இவ்வளவு தெளிவான ஒப்பீடுகள் குறைவு.

பற்றாக்குறையின் கதை இங்கிலாந்தின் பேரேடுகளில் கிடந்தது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் மருத்துவச்சிகளும் சுகாதாரப் பார்வையாளர்களும் குழந்தையின் பிறப்பு எடை, முதல் வயது எடை, தாய்ப்பால் குடித்ததா என்பன போன்றவற்றைக் குறித்துவைத்தனர். டேவிட் பார்க்கர் அவ்வேடுகளைக் கொண்டு முதியவர்களைத் தேடிப் பரிசோதித்தபோது, எடை குறைந்து பிறந்தவர்களிடமே நீரிழிவு அதிகம் எனத் தெரிந்தது. 1992இல் அவரும் நிக்கோலஸ் ஹேல்ஸும் சிக்கன உடலமைப்புக் கருதுகோளை முன்வைத்தனர்: ஊட்டம் குறைந்த கரு மூளையைக் காத்துக்கொண்டு கணையத்தின் வளர்ச்சியை விட்டுக்கொடுக்கிறது, பின்னாளில் உணவு பெருகும்போது அக்கணையம் ஈடுகொடுப்பதில்லை. 1944–45 நெதர்லாந்துப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களிடமும், நடுவயதில் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது.

இந்தியாவில் இரண்டும் ஒரே மண்ணில் சந்தித்தன. புனேவில் சித்தரஞ்சன் யாக்னிக் அளந்த குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோதான், இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. ஆயினும் புனேக் குழந்தைகளின் முதுகுத் தோலடிக் கொழுப்பு அதே அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து தெரிந்த குழந்தைகள் உள்ளே கொழுத்திருந்தன. 1997இல் தொடங்கிய மைசூர் ஆய்வில், கர்ப்பகால நீரிழிவுள்ள தாய்மாரின் பிள்ளைகளிடம் சிறுவயதிலேயே கொழுப்பும் இன்சுலின் அளவும் மிகுந்திருந்தன.

சென்னையில் வி. சேஷய்யா எளிய பரிசோதனை ஒன்றை வலியுறுத்தினார். கர்ப்பிணி சாப்பிட்டு வந்தாலும் வெறும் வயிற்றில் வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. தொலைவிலிருந்து பேருந்தில் வரும் பெண்ணை வெறும் வயிற்றோடு இன்னொரு நாள் வரச் சொன்னால் பெரும்பாலும் வரமாட்டார் என்பதே இதன் நியாயம். தமிழ்நாட்டு அரசு 2007இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இப்பரிசோதனையை விரிவாக்கியது.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் சிகிச்சை அளித்தால் குழந்தை மிகையாகப் பெருப்பது குறைகிறது. ஆனால் ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் அப்பிள்ளைகளின் எடை நான்கைந்து வயதில் சிகிச்சை பெறாதோர் பிள்ளைகளின் எடையிலிருந்து வேறுபடவில்லை. ஆகவே கவனம் கருவுறுவதற்கு முந்தைய காலத்துக்கு நகர்ந்தது. 2006இல் தொடங்கிய மும்பை ஆய்வில், குடிசைப் பகுதிப் பெண்களுக்குக் கருவுறுமுன்னரே கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டி தினமும் தரப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றால் ஆனது. முதல் குழுவில் 7.3 விழுக்காட்டினருக்கும் இரண்டாவதில் 12.4 விழுக்காட்டினருக்கும் கர்ப்பகால நீரிழிவு கண்டது.